ஐந்தாவது பாட்டில்

எனக்குப் பயம் அதிகம். கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தம் வரை போனவள் பாதி வழியில் திரும்பி ஓடி வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போனால், போட் கரை சேர்கிற வரைக்கும் போன் என் கையிலேயே இருக்கும். பார்த்துப் பார்த்தே சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால், யாராவது காகிதத்தை நீட்டினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரை வாரா வாரம் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். நான்காவது வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன். முதல் வருஷம் நடந்ததை மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தபடி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு காத்திவாக்கத்தில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் கடலில் வலை போடுவார். நான் ஆற்றில் கையால் இறால் பிடிப்பேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். விரலில் தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறி என்கிற ஓலைக் கூடையில் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் யாரோடும் பேச முடியாது. கவலைப்பட மட்டும் முடியும். எனக்கு ஏற்ற தொழில்தான்.

மேலேயிருந்து வரும் ஆறு, குறுக்கே வந்து சேரும் பக்கிங்காம் கால்வாய், மேற்கே ஊர்களையும் கம்பெனிகளையும் சுற்றிக்கொண்டு வந்து விழும் ஓர் ஓடை, மூன்றும் கலக்கிற இடத்தில்தான் எங்கள் சோறு இருந்தது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாக மாறியது. கீரையை மசித்துக் கரைத்துவிட்டது போல இருக்கும். வெளியே வந்தால் முழங்கையில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வரும், அரிப்பு எடுக்கும். ஒரு நாள் விடிகாலையில் போனால் மடவையும் கெளுத்தியும் மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இறாலெல்லாம் கரை ஓரம் ஒதுங்கி, தொட்டாலும் நகராமல் கிடந்தது. தடவ வேண்டிய வேலையே இல்லை, அள்ளினோம். அன்று ஊரே சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது. அடுத்த இருபது நாள் ஒரு இறால் கூடக் கையில் படவில்லை. இதே போல அந்த வருஷத்தில் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் நாங்கள் அள்ளினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊர்ச் சங்கத்தில் மனு எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக அதிகாரிகள் கூட்டிய கூட்டத்துக்குப் போன சங்கத் தலைவர், எனக்கு மாமா முறை, முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். உங்கள் குப்பத்துக் கக்கூஸும் நீங்கள் துணி துவைக்கிற தண்ணீரும்தான் ஆற்றைக் கெடுக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். இல்லை என்று சொல்ல அவர் கையில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம்தான் கல்லூரி டீச்சர் ஒருவர் இரண்டு மாணவிகளோடு வந்தார். ஆற்றில் நான்கு இடத்தில் வாரம் ஒரு தடவை தண்ணீர் எடுத்துத் தர ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். ஆம்பிளைகள் எல்லோரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் என்னைக் கை காட்டினார்.

"இவ கைல குடுங்க மேடம். மழை வரும்னு நாலு நாள் முன்னாடியே கொடையோட நிக்கிறவ. ஒரு வாரம் தப்பமாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஆறு ஏன் பச்சையாகிறது என்று டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீருக்குச் சத்து கூடிப்போய்விட்டது என்றார். கக்கூஸ் தண்ணீர், சோப்புத் தண்ணீர், வயலுக்குப் போட்ட உரம் கரைந்து வரும் தண்ணீர், எல்லாம் பாசிக்குச் சாப்பாடு. பாசி கண்டபடி வளரும், பிறகு செத்து அழுகும், அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டி மேலே வரும். விடியும் நேரத்தில் அது ரொம்ப மோசமாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் சிரித்துக்கொண்டே அள்ளிய இறால் கண் முன்னால் வந்தது. அந்தச் சத்தில் பாஸ்பேட் என்று ஒன்றைத்தான் முக்கியமாக அளக்கப்போவதாகச் சொன்னார். சோப்புத் தண்ணீர் என்ற வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது. என் வீட்டுக் குழாயடி மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பாட்டில்களை அவர்களே லேபில் கழுவி மூடி, பையில் போட்டுக் கொண்டு வந்து தருவார்கள். நான் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவது தடவை குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, இறால் வைக்கிற ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வர வேண்டும். ஒன்று ஆற்றுப் பாலத்தடி, இரண்டு கால்வாய் சேரும் இடம், மூன்று ஓடை வாய், நான்கு முகத்துவாரம்.

இதில்தான் நான் தப்பு செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, சுத்தம் என்று நினைத்துச் செய்தேன். அந்தப் பாட்டில்களில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. என் வீட்டிலோ எதைத் தொட்டாலும் இறால் வாடை. பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள் நான். கல்லூரிப் பெண்கள் மூடியைத் திறந்து, மீன்காரி கொடுத்த பாட்டில் நாறுகிறது என்று சொல்லிவிடக் கூடாது என்று ஒரே பயம். அதோடு, பிறத்தியார் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தருவது எங்கள் தெருவில் கேவலம். அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விடிவதற்கு முன்னால் எழுந்து, நான்கு பாட்டிலையும் சோப்புப் பவுடர் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். குழாயில் தண்ணீர் வராது, லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் புழங்குகிற வீடு. அலசுவதற்கு ஒரு சொம்புக்கு மேல் மனசு வரவில்லை.

அப்படிப் பளபளவென்று கழுவிய பாட்டிலை ஓடைத் தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும் என்றால் கை எப்படிப் போகும்? கழுவின பாத்திரத்தைச் சாக்கடையில் யாராவது அலசுவார்களா? படித்தவர்கள் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து, நேராக நிரப்பிக் கொண்டு வந்தேன். மூன்று மாதம்.

ரிசல்ட் வந்தது. நான்கு இடத்திலும் பாஸ்பேட் ஏகத்துக்கு இருந்தது. மேலே பாலத்தடியில் கூட இவ்வளவு இருக்கிறதே என்று டீச்சருக்கு ஆச்சரியம். தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். இந்தக் காகிதத்தை அங்கே மேஜையில் போட்டால் போதும் என்றார். தெருவில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் மரியாதையாகப் பேசினார்கள். எனக்குத்தான் தூக்கம் போனது. கூட்டத்தில் யாராவது எழுந்து, இந்தக் கணக்கு சரி என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால்?

கரையில் மீன் நிறுக்கும்போது நாங்கள் ஒன்று செய்வோம். எவ்வளவு பழகிய ஏலக்காரராக இருந்தாலும் முதலில் வெறும் தராசை வைத்துக் காட்டச் சொல்வோம். ஒன்றும் வைக்காமலே எடை காட்டினால் அந்தத் தராசில் மீன் ஏறாது. அது மாதிரி இதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பையில் உபரியாகக் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து, மற்ற நான்கோடு சேர்த்துக் கழுவி, வீட்டில் நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரைப் பிடித்தேன். மேலே ஐந்து என்று எழுதினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. போட்டில் அதையும் நான்கு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"அஞ்சாவது பாட்டில் எங்கம்மா எடுத்தீங்க? அதுலயும் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே."

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன், கேன் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று. அவர் வலை பின்னுகிற இடத்தில் சொன்னார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கேனைக் குப்புறக் கவிழ்த்தார்கள். கேன் போடுகிற அண்ணாச்சியின் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக எங்களோடு இருக்கிறவர். ஒருத்தி, சாக்கடைத் தண்ணியத்தான் அடைச்சி வித்துகினு கீறியா என்று கேட்டாள். அவர் ஒரு கேன் மூடியை உடைத்து, இரண்டு சொம்பு சாய்த்துக் குடித்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் குடிக்கேன், போதும்ங்கிற வரைக்கும் குடிக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்த நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வழக்கம் போலப் பாட்டிலைக் கழுவி, அலசி, ஓரமாக வைத்தேன். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. கொட்டிவிடலாம் என்று மூடியைப் போட்டுக் குலுக்கினேன். உள்ளே நுரை எழும்பியது. இன்னொன்றைக் குலுக்கினேன், அதிலும் நுரை. சோப்புத் தண்ணீர் என்று டீச்சர் சொன்ன குரல் அப்போதுதான் காதில் கேட்டது. கேன் தண்ணீரில் தப்பில்லை. நான்கு இடத்துக்கும் நான்தான் பாஸ்பேட் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாமே, இப்டி குந்திக்கினு கீற?" என்று வீட்டுக்காரர் வந்தார். சொன்னேன். பாட்டிலை வாங்கி அவரும் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மொதல்ல அண்ணாச்சி கைல போய் சொல்லு. பாவம் அந்த ஆளு."

போனேன். கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லியிருந்தால் அது மன்னிப்புக் கேட்டதாகாது. அவர் என்னைப் பார்த்து, தண்ணி குடிக்கியளாம்மா என்று மட்டும் கேட்டார். குடித்தேன். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தலைவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கூட்டத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொன்னாத்தான் தெரியும். ஆறு கலீஜாத்தானே கீது? அது பொய்யா? கம்முனு இரு."

"கேன் தண்ணியே கலீஜ்னு சொல்ற கணக்கு மாமா அது. அவங்க ஒரே ஒரு பாட்டில் எட்த்து பாத்தாங்கன்னா முடிஞ்சிது. குப்பத்துக்காரன் பொய் சொல்றான்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. அப்புறம் நம்ம எது சொன்னாலும் எட்காது."

நான் அங்கேயே அவர் முன்னால் டீச்சருக்குப் போன் போட்டேன். சோப்புப் பவுடர், ஒரு சொம்புத் தண்ணீர், அலசாமல் விட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இடையில் நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரியும். டீச்சர் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"அந்த அஞ்சாவது பாட்டில், அதை எடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். பயந்தான்."

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலைக் கூடவே எடுத்துப் போய் வருவது அவர்கள் தொழிலில் உள்ள பழக்கம்தானாம். லேபுக்குள் செய்துகொண்டிருந்தார்கள், ஆற்றுக்குக் கொடுத்தனுப்பாமல் விட்டது தன் தப்பு என்றார். மூன்று முறை அலசச் சொன்னவள், ஏன் என்று சொல்லாமல் விட்டதும் தன் தப்பு என்றார். பாட்டிலில் முன்னால் ஒட்டியிருப்பது போய் அந்த இடத்துத் தண்ணீர் மட்டும் மிஞ்சத்தான் அலசுவதாம். மூன்று மாதக் கணக்கையும் அடித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், கூட்டத்துக்குள் ஐந்து செவ்வாய் கிடைக்கும் என்றார். என்னை நிறுத்திவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். வேறு ஆள் பார்க்கிறேன் என்ற வார்த்தை வரவே இல்லை.

ஐந்து செவ்வாயும் நான் சோப்பைத் தொடவில்லை. கை வாடை பாட்டிலில் ஏறாமல் இருக்க, டீச்சர் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை அலசினேன். ஓடை வாயில் அலசும்போது மட்டும் உடம்பு சிலிர்த்தது. அங்கே தண்ணீர் பச்சை கூட இல்லை, கறுப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறம், மேலே கெட்டியாக நுரை. ஐந்தாவதில் அண்ணாச்சியே புதுக் கேன் உடைத்துப் பிடித்துக் கொடுத்தார். ஒரு வாரம் கூட விடாமல் அவரே வந்து கொடுத்தார்.

கணக்கு வந்த அன்று டீச்சர் நேரிலேயே வந்தார். ஐந்தாவது பாட்டிலில் ஒன்றுமே இல்லை. பாலத்தடியில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கால்வாயிலும் முகத்துவாரத்திலும் இறங்கியிருந்தது. ஓடை வாயில் மட்டும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஐந்து வாரமும் மற்ற இடங்களை விட அது எங்கேயோ மேலே நின்றது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது. முதல் காகிதத்தில் சோப்பு ஏறி நான்கு இடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிந்தது. அதை மேஜையில் போட்டிருந்தால், எங்குமே கெட்டிருக்கிறது, எல்லோரும்தான் காரணம், நீங்களும்தான் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். குப்பத்துத் தண்ணீர் வந்து விழுவது முகத்துவாரத்துப் பக்கம். அங்கே குறைவாக இருந்தது. சத்து எந்த வழியாக வருகிறது என்று இரண்டாவது காகிதம் விரலை நீட்டிக் காட்டியது. தலைவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நீயும் வா என்றார்.

கூட்டம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில். டீச்சர் படம் போட்டு விளக்கினார். பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் எடுத்தது யார் என்றார். எழுந்து நின்றேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏழாவது என்றேன். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். எடுக்கும்போது தப்பு வந்திருக்காது என்று எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வந்துச்சு சார். மூணு மாசம் தப்பாத்தான் எட்த்தேன்" என்றேன்.

பக்கத்தில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். சோப்பு, சொம்பு, அண்ணாச்சி, தராசு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்தாவது பாட்டிலின் கணக்கு காகிதத்தில் கடைசி வரியில் இருக்கிறது, ஐந்து வாரமும் ஒன்றுமில்லை என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பேசி முடித்தபோதுதான் தெரிந்தது, காகிதத்தைப் பார்க்காமலே பேசியிருக்கிறேன். அதிகாரி கடைசி வரியைத் தேடிப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், நம்முடைய ஆட்கள் இப்படி ஒரு பாட்டில் எடுக்கிறார்களா என்று கேட்டார். அவர் பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தலைவர், நான் கேட்கும்படி, டீச்சரிடம் சொன்னார். "தப்ப ஒத்துக்கினா கேவலம்னு நெனச்சேன் மேடம். இவ அதையே சாட்சியா ஆக்கிட்டா."

பத்து நாளில் அதிகாரிகளே வந்தார்கள். எங்கள் போட்டில்தான் ஓடை வாய்க்குப் போனார்கள். அவர்கள் பாட்டில், அவர்கள் கை, அவர்கள் லேப். கணக்கு எங்கள் கணக்கை ஒட்டியே வந்தது. ஓடைக்கு மேலே நடந்து போய்ப் பார்த்து, கழிவுநீரை அப்படியே திறந்துவிட்டிருந்த இரண்டு இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். இன்னும் சில இடம் இருக்கிறது, நடையாக நடந்துகொண்டிருக்கிறோம். ஆறு சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பச்சை இன்னும் இருக்கிறது. கால்வாய் வழியாக வருவது தனிக் கதை. ஆனால் உங்கள் குப்பம்தான் கெடுக்கிறது என்று அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பக்கத்துக் குப்பங்களில் தண்ணீர் எடுக்க வந்த ஆறு பெண்களுக்கு டீச்சர் என்னைத்தான் சொல்லித்தரச் சொன்னார். அலசுவது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலையே கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் ஓடை வாய்க் கணக்கு, அந்த ஐந்து செவ்வாய்க்கு அப்புறம் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. டீச்சர் போனில் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. அலசியதில் ஏதாவது விட்டேனா, இடம் மாறிப் பிடித்துவிட்டேனா, அன்று கடல் தண்ணீர் ஏறி வந்திருந்ததா? மறு செவ்வாய் ஓடை வாயில் மட்டும் மூன்று பாட்டில் எடுத்தேன். ஏற்றத்தில் ஒன்று, வற்றும்போது ஒன்று, இன்னும் நூறடி உள்ளே போய் ஒன்று. வீட்டுக்காரர் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கினாலும் உனக்குப் பேஜாருதானா என்று கேட்டார். பேசாமல் போட்டைத் தள்ளச் சொன்னேன்.

மூன்றிலும் இறங்கித்தான் இருந்தது.